மேக்னட்டில் இருக்கும் கோடு உங்கள் கோடு அல்ல: டிராக் ஆர்எக்ஸுக்கு டைமிங் வைக்கும் முறை

சத்துவாச்சாரியில் என் ஷெட்டுக்கு வரும் பையன்கள் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே கேட்பது இதைத்தான்: "ணா, எத்தினி டிகிரி வெச்சா நல்லா போகும்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "இப்ப எத்தினில இருக்குது, சொல்லு." பையன் மேக்னட் கவரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். பதில் வராது. இருக்கிற இடம் தெரியாமல் போகிற இடத்துக்கு வழி கேட்டால் யார் சொல்ல முடியும்? மேக்னட் என்பது கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம். டைமிங் என்பது, பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது பிளக்கில் பொறி விழுகிறது என்ற கணக்கு. அதனால் இதில் பாதிக்கு மேல், இப்போது டைமிங் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மாற்றுவது கால் மணி நேர வேலை. கண்டுபிடிப்பதற்கு ஒரு முழு சாயங்காலம் வேண்டும்.

நான் சொல்வது டிராக், அதாவது 402 மீட்டர் நேர் ஓட்டத்துக்குக் கட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100, 135 இரண்டுக்கும் பொருந்தும். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்து 1996-ல் நின்றது. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. 135-ல் போர் 58, ஸ்ட்ரோக் அதே 50. கம்பெனி அந்த இன்ஜினுக்கு ஒரு டைமிங் கணக்குப் போட்டு மேக்னட்டில் கோடு போட்டது. நம் கையில் இருப்பது அந்த இன்ஜினா? போர்ட்டை அறுத்தாயிற்று, ஹெட்டை லேத்தில் இறக்கியாயிற்று, சைலன்சரைக் கழற்றி எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வயிறு பருத்த புகைக்குழாய்) மாட்டியாயிற்று, மேக்னட்டையும் கடைந்து எடையைக் குறைத்தாயிற்று. போதாததற்கு, மேக்னட் ஒரு வண்டியது, காயில் பிளேட் இன்னொரு வண்டியது, கிராங்க் மூன்றாவது வண்டியது. பழைய பாகக் கடையில் வாங்கிய ஒரு மேக்னட்டில் கோடு மூன்று டிகிரி தள்ளி இருந்ததை நானே அளந்திருக்கிறேன்.

அடுத்தவன் நம்பரும் உதவாது. அமெரிக்காவில் டாப் ஃபியூயல் டிராக் கார்களில் இன்றைக்கும் மேக்னட்டோதான். ஒரு இன்ஜினுக்கு இரண்டு மேக்னட்டோ, ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். அங்கே 58 முதல் 65 டிகிரி வரை முன்னாலேயே பொறி விழ வைக்கிறார்கள். அவர்கள் ஊற்றுவது நைட்ரோமீத்தேன். அது மெதுவாக எரியும், அதனால் அவ்வளவு முன்னால் பற்ற வைக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் நம் ஆர்எக்ஸில் அதில் பாதியை வைத்தால்கூட பிஸ்டன் ஒரு ஓட்டம் தாங்காது. நம்பர் என்பது அந்தந்த இன்ஜினின் சொத்து.

ஒரு டிகிரி என்றால் எவ்வளவு என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 10,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு நொடிக்கு 60,000 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு நொடியில் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு முன்னே பின்னே போனால் இன்ஜினுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

முதலில் டிடிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, மேக்னட்டைக் கையால் ஆட்டி, "இதோ உச்சி" என்று கோடு போடுகிறார்களே, அது வேண்டாம். உச்சியில் பிஸ்டன் தயங்கி நிற்கும். 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில், உச்சிக்கு இரண்டு டிகிரி முன்னால் பிஸ்டன் இறங்கியிருப்பது 0.02 மி.மீ. மட்டுமே. இரண்டு டிகிரி பின்னாலும் அதே. ஆக நாலு டிகிரி அகலத்துக்கு பிஸ்டன் அசையாத மாதிரியே இருக்கும். டயல் கேஜ் வைத்தாலும் முள் நிற்கிற இடத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

அதற்கு பிஸ்டன் ஸ்டாப் செய்துகொள்ளுங்கள். காசு செலவில்லை. ஒரு பழைய பிளக்கை எடுத்து பீங்கானை உடைத்துத் தட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சும் இரும்புக் கூட்டுக்குள் ஒரு போல்ட்டை விட்டு வெல்டு வைக்கவும். போல்ட்டின் முனையை அரத்தால் உருட்டி, எமரி பேப்பரால் வழவழப்பாக்குங்கள், இல்லாவிட்டால் பிஸ்டன் தலையில் குழி விழும். ஓரமாக ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று வெளியேறும், மேக்னட்டைச் சுற்றும்போது எதிர்த்துத் தள்ளாது. என் ஸ்டாப் இருபது வருஷமாக ஒரே டப்பாவில் கிடக்கிறது. தலை தேய்ந்து பித்தளைப் பொத்தான் மாதிரி பளபளக்கிறது.

பிஸ்டனைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு ஸ்டாப்பைக் கையால் முறுக்கி ஏற்றுங்கள். ஒரு சைக்கிள் ஸ்போக்கை வளைத்து, முனையைக் கூராக்கி, மேக்னட் கவர் ஸ்க்ரூ ஒன்றில் மாட்டி, முனை மேக்னட் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். இதுதான் முள். இனி இந்த முள் ஆடவே கூடாது. மேக்னட் விளிம்பைப் பெட்ரோல் துணியால் துடைத்து மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். மேக்னட்டை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் ஸ்டாப்பில் போய் முட்டும். முட்டிய இடத்தில், முள்ளுக்கு நேராக டேப்பில் பென்சிலால் ஒரு கோடு. அப்படியே மறுபக்கம் முட்டும் வரை சுற்றுங்கள். அங்கே இரண்டாவது கோடு. முட்டுவதைக் கையால் உணர வேண்டும். இடிக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. வாசல் கதவைக் குழந்தை தூங்கும்போது சாத்துவது போல.

இப்போது ஒரு துண்டுப் பேப்பரை எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் குட்டையான பக்கத்தின் தூரத்தைப் பேப்பரில் குறித்து, இரு குறியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மடியுங்கள். மடிப்பு விழுந்த இடம்தான் உச்சி. அதை மேக்னட்டில் வைத்துக் கோடு போடுங்கள். முழுதும் இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டு தடவையும் மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் மட்டும் டேப்பை எடுத்துவிட்டு, ஊசிமுனைச் சுரண்டியால் மேக்னட்டிலேயே மெல்லிய கீறல் போடுங்கள். கீறலில் வெள்ளை நெயில் பாலிஷ் தடவி மேலே துடைத்துவிட்டால் கீறலுக்குள் மட்டும் நிற்கும். பெயிண்டைவிட இது நன்றாக நிற்கிறது. 

அடுத்தது அட்வான்ஸ் கோடு, அதாவது உச்சிக்கு முன்னால் பொறி விழ வேண்டிய இடம். அதே பேப்பரை நீளமாக வெட்டி மேக்னட்டைச் சுற்றி, சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று வரும். சுற்றளவு 340 மி.மீ. இருந்தால் 18 டிகிரிக்கு 17 மி.மீ. டிடிசி கோட்டிலிருந்து எந்தப் பக்கம் அளப்பது என்பதில்தான் பையன்கள் தடுமாறுகிறார்கள். மேக்னட் ஓடுகிற திசையில் சுற்றும்போது அட்வான்ஸ் கோடு முதலில் முள்ளைக் கடக்க வேண்டும், டிடிசி கோடு பின்னால் வர வேண்டும். திசை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கிப் பார்த்தால் மேக்னட்டே சொல்லிவிடும்.

இந்தக் கோட்டைச் சரிபார்க்க டயல் கேஜ் வையுங்கள். பிளக் ஓட்டை சாய்ந்திருந்தால் ஓட்டை வழியாக அளப்பது பொய்க் கணக்கு. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் மேல் ஒரு பட்டையைக் குறுக்கே வைத்து, பிஸ்டனின் நடுவில் நேராகக் கேஜை இறக்க வேண்டும். ஸ்ட்ரோக் 50, கனெக்டிங் ராட் இரண்டு ஓட்டை மையத்துக்கும் நடுவே 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால், டிடிசிக்கு முன் 15 டிகிரியில் பிஸ்டன் 1.06 மி.மீ. கீழே இருக்கும். 16-ல் 1.21, 18-ல் 1.52, 20-ல் 1.87, 22-ல் 2.26. உங்கள் ராட் வேறு நீளம் என்றால் இதுவும் சற்று மாறும், அளந்துகொள்ளுங்கள். 18 டிகிரிக் கோடு முள்ளுக்கு நேராக நிற்கும்போது கேஜ் 1.5-க்கு அருகில் காட்டினால் உங்கள் கோடு நிஜம். 1.2 காட்டினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. திரும்பவும் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அலுத்துக்கொண்டு "பரவால்ல" என்று விடாதீர்கள்.

பிறகு பிளேட், அதாவது காயில்கள் உட்கார்ந்திருக்கும் தட்டு. ஆர்எக்ஸில் மேக்னட்டின் மேல் ஒரு முண்டு, பல்சர் காயிலைத் தாண்டிப் போகும்போது சிடிஐ என்ற பொறிப் பெட்டிக்கு சைகை போகிறது, சிடிஐ தன் கெபாசிட்டரைக் கொட்டுகிறது, பொறி விழுகிறது. அதனால் பல்சர் காயில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் டைமிங். காயில் பிளேட்டை மேக்னட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முண்டு சீக்கிரம் வந்து சேரும், அட்வான்ஸ். அதே திசையில் திருப்பினால் பொறி தாமதமாகும், ரிட்டார்ட். பிளேட்டில் ஸ்க்ரூ ஓட்டை நீளமாக இல்லாவிட்டால் ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். அதற்கு முன் பிளேட்டிலும் கேஸிலும் சேர்த்து ஒரே கீறலாக ஒரு கோடு போட்டுக்கொண்டால், எங்கே ஆரம்பித்தோம் என்பது எப்போதும் தெரியும். பல்சருக்கும் முண்டுக்கும் இடைவெளி நான் 0.5 மி.மீ. வைக்கிறேன். சுற்றிலும் எங்கேயும் உரசாமல் இருக்கிறதா என்று மேக்னட்டை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கிராங்க் பேரிங் ஆடினால் இந்த இடைவெளியும் ஆடும், டைமிங்கும் ஆடும். அந்த பேரிங்கை மாற்றாமல் இதையெல்லாம் செய்வது வீண்.

இப்போது எனக்கு நெஞ்சில் தைத்த விஷயத்துக்கு வருகிறேன்: மேக்னட் உட்காரும் கிராங்கின் கூம்பு முனை. டேப்பர்.

பல வருஷத்துக்கு முன் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 402 மீட்டர் ஓட்டம். ஆம்பூர்ப் பையன் ஒருவன், ஷூ கம்பெனியில் ஷிஃப்டு பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் காசு சேர்த்துக் கட்டிய வண்டி. இன்ஜின் என் வேலை. ஸ்டார்ட்டில் அம்பு மாதிரி கிளம்பினான். மூன்றாவது கியரில் படபடவென்று வெடித்தது, குரல் இறங்கியது, கோட்டைத் தாண்டும்போது வண்டி வெறும் உருளல். மேக்னட்டைப் புல்லர் போட்டு இழுத்துப் பார்த்தால், அரைவட்டக் கீ பாதி வெட்டுண்டு கிடந்தது. மேக்னட் கிராங்க் மேல் நழுவியிருந்தது. நான் போட்ட அழகான கோடெல்லாம் அங்கேயேதான் இருந்தது, ஆனால் மேக்னட்டே இடம் மாறிவிட்டது. காரணம் நான்தான். அவசரத்தில் டேப்பரில் இருந்த எண்ணெயைத் துடைக்காமல் மாட்டினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீயின் துண்டை எடுத்துப் பார்த்தான், என்னிடம் கொடுத்தான். அது இன்றைக்கும் என் டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறது.

கீ மேக்னட்டைப் பிடிப்பதில்லை. மாட்டும்போது இடம் காட்டுவது மட்டுமே அதன் வேலை. பிடிப்பது டேப்பர். கிராங்கின் கூம்பும் மேக்னட்டின் குழியும் முழுப் பரப்பிலும் கவ்வ வேண்டும். கீயை எடுத்துவிட்டு, கூம்பில் மெல்லிய நீல மையைத் தடவி, மேக்னட்டை நேராக அழுத்தி எடுங்கள். குழிக்குள் மை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நுனியில் மட்டும் ஒரு வளையம் என்றால் அது பிடிக்காது. வால்வு அரைக்கும் பேஸ்ட்டில் மெல்லியதை எடுத்து, பட்டாணி அளவு தடவி, மேக்னட்டைக் கையால் அப்படியும் இப்படியும் அரைச் சுற்று திருப்பி அரையுங்கள். இரண்டு நிமிஷம், துடைத்துப் பார், மை தடவிப் பார். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக, பளபளப்பில்லாமல் தெரியும்வரை. அதிகம் அரைத்தால் மேக்னட் உள்ளே போய் பிளேட்டில் உரசும், கவனம். முடிந்ததும் பேஸ்ட் ஒரு துளி இல்லாமல் பெட்ரோலில் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, விரல் ரேகைகூடப் படாமல் மாட்டுங்கள்.

நட்டைக் கம்பெனி சொன்ன டார்க்குக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மேக்னட்டைப் பிடிக்க பெல்ட் ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரோக் மெக்கானிக்குகள் பிளக் ஓட்டையில் கயிறைத் திணித்துப் பிஸ்டனை நிறுத்துவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் அதைச் செய்யாதீர்கள். கயிறு போர்ட்டுக்குள் நுழைந்து, பிஸ்டன் விளிம்பு அதை நறுக்கும், போர்ட் ஓரமும் சிதையும். சுத்தியலால் தட்டி இறுக்குவதும் கூடாது, மேக்னட்டுக்குள் காந்தம் ஒட்டு விட்டு வரும்.

கடைந்த மேக்னட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 115 மி.மீ. விட்டமுள்ள மேக்னட் 10,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு 60 மீட்டர் போகிறது. மணிக்கு 217 கிலோமீட்டர். நடுவில் ரிவெட் போட்ட இடத்தை ஒட்டி ஆழமாகக் கடைந்த மேக்னட்டை நான் மாட்ட மாட்டேன், எவ்வளவு கெஞ்சினாலும். அது தெறித்தால் போவது சவாரி செய்பவன் கால்.

அடுத்து டைமிங் லைட், பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும் விளக்கு. நிற்கும்போது பார்த்தது ஒன்று, ஓடும்போது நடப்பது வேறு. வண்டியின் கரண்டை நம்பாமல், தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் லைட்டை மாட்டி, கிளிப்பைப் பிளக் ஒயரில் போடுங்கள். சாயங்காலம் ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், வெள்ளைக் கோடு முள்ளுக்கு எதிரே அசையாமல் நிற்பது போலத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே இரும்பு ஒன்று நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நிற்கிறது என்று கண் சொல்லும், கை போய்விடும். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், துண்டு, கயிறு, செயின் எதுவும் தொங்கக் கூடாது, மேக்னட்டின் நேர் கோட்டில் முகத்தை வைக்காதீர்கள்.

3,000-ல் கோடு எங்கே, 6,000-ல் எங்கே, 8,000-ல் எங்கே என்று நோட்டில் எழுதுங்கள். ஏற ஏறக் கோடு நகர்ந்தால் பயப்பட வேண்டாம். சிடிஐக்கு சிடிஐ அது மாறும். உங்களுக்குத் தேவையான நம்பர், வண்டி ஓட்டத்தில் அதிக நேரம் இருக்கிற ஆர்பிஎம்மில் உள்ள நம்பர். அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். லோடு இல்லாமல் 8,000-ல் பிடித்து வைக்காதீர்கள், தொட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

பழைய லாம்பிரெட்டா, வெஸ்பா மாதிரி பிளாட்டினம் (திறந்து மூடும் கான்டாக்ட் பாயிண்ட்) உள்ள மேக்னட்டோ வைத்திருப்பவர்கள் முதலில் பிளாட்டினம் கேப்பை வைத்துவிட்டு அப்புறம்தான் பிளேட்டைத் தொட வேண்டும். கேப்பைக் கூட்டினால் பிளாட்டினம் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானே முன்னேறும். ஆக, டைமிங் வைத்தபின் கேப்பைத் தொட்டால் எல்லாம் போச்சு. திறக்கும் நொடியை மல்டிமீட்டர் பீப்பை வைத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். பிரைமரி காயிலின் ஓம் மிகக் குறைவு, பிளாட்டினம் மூடினாலும் திறந்தாலும் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அல்லது சிகரெட் பாக்கெட் மேல் இருக்கும் கண்ணாடித் தாளைப் பிளாட்டினம் நடுவில் வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே மேக்னட்டைச் சுற்றுங்கள். தாள் எந்த இடத்தில் கையோடு வருகிறதோ அங்கே பொறி.

எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு வந்துவிட்டோம். என் பழக்கம், ஓடும் ஆர்பிஎம்மில் 18-ல் ஆரம்பித்து, ஒரு ஓட்டத்துக்கு ஒரு டிகிரி மட்டும் மாற்றுவது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவு வைக்கும் ஜெட்டையும் டைமிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முன்னே தள்ளினால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடும், சேம்பர் குளிரும், மேலே சீக்கிரம் மூச்சு முட்டும். பின்னே தள்ளினால் சூடு சேம்பருக்குள் போகும். சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுவதால் சேம்பரின் அலை சீக்கிரம் திரும்பி வரும், வண்டி மேலே இன்னும் கொஞ்சம் சுற்றும். நாலாவது கியரில் கோட்டுக்கு முன்னால் இன்ஜின் திணறினால் ஒரு டிகிரி பின்னே. முதல் ஐம்பது மீட்டரில் தூங்கினால் ஒரு டிகிரி முன்னே.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது பிளக். கோட்டைத் தாண்டியதும் கிளட்ச் பிடித்து, கில் சுவிட்சை அடித்து, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிளக்கின் வளைந்த கொம்பில் சூட்டால் நிறம் மாறிய ஒரு எல்லை தெரியும். அது வளைவுக்கு அருகில் இருந்தால் சரி. மரையை நோக்கி இறங்கியிருந்தால் அட்வான்ஸ் அதிகம். நுனியிலேயே நின்றால் குறைவு. பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளியும், நடுவில் வெள்ளி மாதிரி மின்னும் பொட்டும் தெரிந்தால் அன்றைக்கு அந்த வண்டி அவ்வளவுதான், இன்னொரு ஓட்டம் ஓட்டாதீர்கள். மின்னுவது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் ஓரம் கரையான் அரித்தது போல இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. வேலூர் வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஷெட் வாசலில் ஜெட்டும் டைமிங்கும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு இருங்காட்டுக்கோட்டையில் அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அதே ஜெட்டில் பெட்ரோல் பத்தாமல் போகும், இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். காலை முதல் ஓட்டத்துக்கு நான் ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டு, டைமிங்கை ஒரு டிகிரி பின்னே வைத்துத்தான் அனுப்புகிறேன். வெயில் ஏறியபின் பழைய இடத்துக்கு வரலாம். டெஸ்ட் ஓட்டம் என்று பெங்களூர் ஹைவேயில் ராத்திரி இறங்குகிறவனுக்கு நான் மேக்னட் கவரைக்கூடத் திறக்க மாட்டேன். அந்த ரோட்டில் லாரியும் பஸ்ஸும் கோயிலுக்கு நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் நன்றாக ஆறியதும் மேக்னட் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். கொஞ்சம் திரும்பினாலும் மேக்னட்டை இழுத்து, டேப்பரைத் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். அப்புறம் லைட் போட்டு வெள்ளைக் கோடு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நோட்டில் அந்த ஓட்டத்துக்கு நேராக டிகிரி, ஜெட், மணி, வெயிலா மேகமா என்று எழுதுங்கள். ஆம்பூர்ப் பையன் இப்போது தானே இன்ஜின் கட்டுகிறான். அவன் நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: டேப்பர் துடைத்தாயிற்றா. டிக் போட்ட பிறகுதான் நட்டைக் கையில் எடுக்கிறான்.